நுரையீரலில் துண்டு போட்ட கதை

புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்ப்பது என் வேலை. அதற்குக் கல்யாணத்துக்குப் பெண் தேடுவது எவ்வளவோ மேல். அடுத்தவருக்கு விளங்கவைத்தே பிழைக்கும் சக பாவிகளே, ஒரகடம் தொழிற்பேட்டையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சீட்டு

வைரஸ் காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்காமல் தடுக்கும் மாத்திரை அது. நுரையீரல் செல்லின் மேல் ஏற்பி என்று ஒன்று உண்டு. வைரஸ் அதில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே நுழையும். எங்கள் மருந்து முந்திப் போய் அங்கே உட்கார்ந்துவிடும்.

ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் ஓர் அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த முருகனிடம் இதைச் சொன்னேன். விளாத்திகுளத்துக்காரன், கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஏற்பி என்றதும் கண்ணை மூடிக்கொண்டான். "ஊருக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பீங்களே தம்பி, அதுதான் இந்த மருந்து" என்றேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான். அறைத்தோழர்கள் மூவரையும் பார்த்துச் சொன்னான்: "இப்ப வெளங்குது மேடம். தீவாளிக்கு எங்க செட்டுக்குத் துண்டு போடுதது நாந்தான்."

டம்மி

விதிப்படி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கான வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் சிலருக்கு இந்த மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தால், மருந்து பலித்ததா என்று பார்க்காமல் ஆளைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடுவோம்.

முருகன் தலையாட்டிச் சம்மதித்தான். அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் கஸ்தூரியம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எது மருந்துன்னு உனுக்கே தெரியாதுன்னா, நீ இன்னாத்துக்கும்மா வந்துகீற?"

பிளேடு

விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்து முருகன் தினமும் எனக்குப் போனில் அனுப்ப வேண்டும். மாத்திரை அட்டை ஒழுங்காகக் காலியாகிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் வந்த அளவைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன்.

முருகன் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் அன்றைய மாத்திரை, பிளேடால் நான்காக வெட்டியபடி கிடந்தது. அறைத்தோழன் செல்வம் தன் பங்கை வாயில் போடப் போனான், பிடுங்கினேன். சோறு, சோப்பு, சார்ஜர் எல்லாம் பொதுவாக இருக்கும் அறை அது.

"இது உங்க ஒருத்தருக்கு மட்டும்னு சொன்னேனே தம்பி" என்றேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது முருகன் மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னான்: "நீங்கதான மேடம் சொன்னிய, துண்டுன்னு... ஒருத்தன் போட்டா... நாலு பேருக்கும்லா சீட்டு."

பங்கு

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைப்பானா என்று நிஜமாகவே பயந்தேன். அவன் அம்மா போன் செய்தபோது போனை டாக்டரிடமே கொடுத்துவிட்டேன். நல்லவேளை, மெல்லத் தேறினான். எங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டோம். அது நிஜ மருந்தா, வெறும் மாத்திரையா என்று எனக்கு இன்றும் தெரியாது. மேலிடம் என்னிடம் விளக்கம் கேட்டது. துண்டைப் பற்றி என்னவென்று எழுதுவது?

மற்ற மூவரையும் பரிசோதித்ததில் யாருக்கும் ஒன்றுமில்லை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்திலும் செல்வம் நின்று, எனக்கு ஆறுதலாக ஒன்று சொல்லிவிட்டுப் போனான்: "எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் வரல மேடம். நல்ல மருந்துன்னு எழுதிக்கிடுங்க."

வைரஸ் நுழையாமல் செல்லின் வாசலை அடைக்க இன்றில்லாவிட்டால் நாளை ஒரு மருந்து வந்துவிடும். ஒரே அறையில் படுப்பவர்கள் அதைப் பங்கு வைக்காமல் விழுங்க என்ன மருந்து கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.