கை தட்டி அனுப்பிய லாரி

பச்சைக் கொடியைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். ரயில்வே கார்டு காட்டுகிற கொடியைச் சொல்லவில்லை. அவர் காட்டினால் ரயில் கிளம்பிப் போய்விடும். மேடை போட்டு, மாலை போட்டு, மைக் வைத்துக் காட்டுகிறார்களே, அந்தக் கொடியைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. பெரிய சூளையும் மண் அரைக்கிற மிஷினும் அரசாங்கத்துடையவை. அச்சும் ஆட்களும் என்னைப் போன்றவர்களுடையவை. சரக்கை வார்த்துக் காயவைத்துவிட்டு, முறை வருகிறவரை காத்திருந்து, அவர்கள் சூளையில் சுட்டுக்கொள்ள வேண்டும். ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி என்று காலம் ஓடியது. ஒருநாள் பேட்டை மேனேஜர் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அரசாங்கம் டீ வாங்கிக் கொடுத்தால் உஷாராக இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"நாங்க சூளை தரோம், நீங்க சரக்கு தாங்க. சேந்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். நாலு ஏழைங்க வூட்டுல ஒல கொதிக்குமுங்க" என்றார். இதில் பொய் ஒன்றுமில்லை. நான் அதை முழுசாக நம்பினேன். நம்பி, மெட்ராஸுக்கு அலையாய் அலைந்து, ஒரு ஏற்றுமதி வியாபாரியைப் பிடித்து ஆர்டரும் வாங்கி வந்தேன்.

சேவலும் பெட்டையுமாக ஜோடிப் பொம்மைகள். தலையில் பொடி ஓட்டைகள் இருக்கும். சேவலுக்குள் உப்பு, பெட்டைக்குள் மிளகுத்தூள். வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தூவிக்கொள்வார்கள். பட்டறைப் பெண்களுக்கு இதைச் சொன்னதும் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன், அள்ளிப் போட்டுக்கக் கையில்லையா அவுங்களுக்கு?" என்று கேட்டவள்தான் சேவல் கொண்டைக்குச் சிவப்பு தீட்டியவள். கொண்டைக்காரி என்போம். கம்மாபுரம் பக்கத்துக்காரி. இருந்த கொஞ்ச நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. சூளை முறை வந்து சரக்கு ஓடினால் எங்களிடம் கூலி, இல்லாவிட்டால் கிடைத்த இடத்தில் களை பறிப்பு. அவளுடைய கையில் கொண்டை அப்படியே உயிரோடு நிற்கும். ஒருநாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மாசச் சம்பளம்னு ஒண்ணு போட்டுக் குடுத்தீங்கன்னா, இங்கியே ஒரு வூடு பாத்துக்கிட்டு வந்துருவேன் மொதலாளி. புள்ளையையும் இங்க ஸ்கூல்ல சேத்துரலாம். அங்க பாதி நாளு ஆடு மேய்க்கப் போயிடுது."

வியாபாரி எனக்குச் சொல்லியிருந்ததை அப்படியே அவளுக்குச் சொன்னேன். முதல் சரக்கு கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், வருஷம் பூரா ஆர்டர். அது வந்தால் உனக்கு மாசச் சம்பளம். அவள் தலையை ஆட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் போகும்போது "போயிட்டு வரேன்" என்பதோடு "கப்பலு என்னிக்குங்க?" என்பதும் சேர்ந்துகொண்டது.

சூளை அந்த முறை எங்களைக் கைவிடவில்லை. சரக்கு தங்கமாக வெந்து வந்தது. ஏற்றுமதிக்கு முன் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் மெட்ராஸிலிருந்து வந்தார். அங்கங்கே ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி, பொம்மையைச் சுண்டிச் சத்தம் கேட்டார். திருப்தியாகி, எல்லாப் பெட்டியிலும் கம்பி இழுத்துக் கட்டி ஈய முத்திரை போட்டார். "முத்திரை ஒடஞ்சா ஹார்பர்ல உள்ள விடமாட்டாங்க. மறுபடி நான் வந்து பாக்கணும். ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பெட்டிகளை லாரியில் ஏற்றினோம். கப்பலுக்கு நாள் இருந்தது.

அப்போதுதான் மேனேஜர் ஓடி வந்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க. பெரிய அதிகாரி வர்றாங்க. நம்ம பேட்டையோட மொத எக்ஸ்போர்ட்டு. கொடி அசைக்காம அனுப்புனா என்னங்க அர்த்தம்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் சூளை யாருடையது? லாரியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். லாரிக்கு வாழைமரம் கட்டினார்கள். வாழைமரம் வாடுகிறவரைக்கும் பெரிய அதிகாரி வரவில்லை. வேறு மரம் கட்டினார்கள். ஒருவழியாக வந்தார், ஜீப்பும் காருமாக. மேஜை மேல் நான் சாம்பிளெல்லாம் அழகாக அடுக்கித்தான் வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது சாம்பிள். உள்ள போறது எப்பிடி இருக்குதுன்னு பாக்கணும்" என்றார்.

"சார், முத்திரை போட்டாச்சு சார்" என்றேன்.

"முத்திரை நம்மளதுதானங்க" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே குறடை எடுத்தார். நான் இன்னும் ஏதோ சொன்னேன். யார் காதில் விழும்? பட் பட்டென்று கம்பிகள் அறுந்தன. ஒரு பெட்டியோடு விட்டார்களா? வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு சேவலை எடுத்தார் பெரிய அதிகாரி. "ஊதுபத்தி ஸ்டாண்டா? அம்சமா இருக்கே!" என்றார். ஐயா, அது உப்புப் போடுவதற்கு. சொல்வதற்குள் கூட வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஊதுபத்தி ஸ்டாண்டு எடுத்துக்கொண்டார்கள். ஞாபகார்த்தமாம்! ஜோடியாக எடுத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். எல்லோரும் சேவலைத்தான் எடுத்தார்கள். கொண்டை அவ்வளவு அழகு. ஒரு பெட்டி தீர்ந்ததும் அடுத்த பெட்டி. பெட்டைகள் வைக்கோலுக்குள் கிடந்தன.

பிறகு பெட்டிகளை ஆணி அடித்து மூடினார்கள். பெரிய அதிகாரி மைக்கில் பேசினார். அரசாங்கமும் தனியாரும் தோளோடு தோள் நின்றால் வறுமை ஓடிவிடும் என்றார். கொடி அசைந்தது. பட்டறைப் பெண்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். கொண்டைக்காரி எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டு தட்டினாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது.

மேனேஜர் என் காதோரம் வந்து, "டிரைவருகிட்ட சொல்லிட்டேன். ரயில்வே கேட்டு வரைக்கும் போயிட்டுப் பின்பக்கமா நம்ம குடோனுக்கு வந்துருவான். இன்ஸ்பெக்டரு வந்து மறுபடி முத்திரை போட்டதும் அனுப்பிரலாம். கவலப்படாதீங்க" என்றார். அவருடைய சட்டைப் பையில் ஒரு சேவல் எட்டிப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் கப்பல் போய்விட்டது. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுக் கெஞ்சினேன். வியாபாரி நல்ல மனுஷன், திட்டக்கூட இல்லை. "பொங்கலுக்கு அப்பறம் கரும்பு எடுத்துட்டு வந்தா யாரு வாங்குவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அந்த ஆர்டர் வேலை முடிந்திருந்ததால் பெண்களை வேலைக்குக் கூப்பிட எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் கழித்துக் கொண்டைக்காரி தானே வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. விழாப் படம் பேப்பரில் வந்திருந்ததை டீக்கடையில் யாரோ அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. சரக்கு போயிருச்சு, பேப்பர்லயும் போட்டுட்டாங்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல? வூடு ஒண்ணு பேசி வச்சிருக்கேன். அவுங்க கேக்கறாங்க."

சரக்கு போகவே இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "கண்ணால பாத்தமேங்க. வண்டி போச்சே" என்றாள் மெதுவாக. நான் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி முடிந்துகொண்டு பொய் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? ஊரே அப்படித்தான் நினைத்தது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக மேனேஜரிடம் நின்று, குடோனைத் திறக்கச் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெட்டியின் மூடியை நெம்பினேன். அவள் குனிந்து வைக்கோலை விலக்கினாள். ஒரு பெட்டை. இன்னொரு பெட்டை. கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினாள். அடுத்த பெட்டியிலும் துழாவினாள். பிறகு வைக்கோலைப் பழையபடி மேலே போட்டு மூடி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இப்போது அவள் என்னை நம்பினாள், அது முகத்தில் தெரிந்தது.

"அப்பறம் எதுக்குங்க எங்கள எல்லாம் கை தட்டச் சொன்னாங்க?" என்றாள்.