நாகப்பன் சன்னலுக்குக் கண்ணாடி

“மூக்கு ஒழுக என் புருஷனப் பாக்க வந்தியா? வாசல்ல கால வச்சிப் பாரு, ஒடிச்சிப்புடுவேன்!”

கங்காணி பொண்டாட்டி நாகரத்தினத்தைப் பார்த்துத்தான் அப்படிக் கத்தினேன். அவள் கையில் ஆரஞ்சுப் பை, தும்மல் மேல் தும்மல். வரிசை வீட்டு லயமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

“நோயாளியப் பாக்க வந்தவள வெரட்டுறியே ருக்குமணி, நல்லா இருப்பியா?”

“நீ போனா நல்லா இருப்பேன்லா.”

என் புருஷன் நாகப்பன் ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில் தேயிலை கவாத்து வெட்டினார். கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். தனியாக உட்கார்ந்து காப்பி குடிக்கத் தெரியாத மனுஷன். பாதையில் போகிறவனை இழுத்து உட்காரவைத்துப் பாதியை ஊற்றிக் கொடுப்பார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவருடைய ஈரலில் கட்டி வந்தது. கண் மஞ்சளானது. “சம்சு குடிச்சிருப்பான்” என்றார்கள். சம்சுச் சாராய வாடைக்கே குமட்டுகிற ஆள் அவர்! பிறகு “ஒட்டிக்கும்” என்றார்கள். இதே நாகரத்தினம் எங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து இவர் கூப்பிட்டால், பாதையில் போகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு நடையை எட்டிப்போட்டார்கள். ஒருநாள் வந்து பார்க்கிறேன், தோட்டத்து நாயிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் சாரதா தோட்டத்துப் பிள்ளை. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

“புல்லுக்கு மருந்தடிச்சா கொழுந்துலயும் படுதுல்லக்கா? இந்த ஊசியும் அப்படித்தான். கட்டிய அடிக்கும், கிருமியோட சண்ட போடுற வெள்ளணுவையும் சேத்து அடிக்கும். கொஞ்ச நாளைக்கு ஒடம்புல காவல் இருக்காது. சளி புடிச்ச ஆளக் கிட்ட விடாதீங்க. காய்ச்சல் அடிச்சா எங்கயும் நிக்காம இங்க வந்துருங்க.”

நாங்கள் திரும்பி வருவதற்குள், இந்த நோய் ஒட்டாது என்று கங்காணி எங்கேயோ கேட்டு வந்து சொல்லிவிட்டான். உடனே லயம் முழுக்க என் வாசலில்! இவர் ஏங்கியபோது ஓடியவர்கள், வரக்கூடாத நேரத்தில் பழத்தோடு வந்தார்கள். இவரிடமிருந்து உங்களுக்கு ஒட்டாது, உங்களிடமிருந்துதான் இவருக்கு ஒட்டும் என்றால் ஒரு மண்டையிலும் ஏறவில்லை. புருஷனை ஒளித்துவைக்கிறேனாம், எனக்குத் திமிராம்.

நாகரத்தினத்தை விரட்டிவிட்டு மறுநாள் கொழுந்து எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் மேசையில் ஆரஞ்சு.

“நான்தான் கூப்புட்டேன் புள்ள,” என்றார் இவர். “வாசல் வரைக்கும் வந்தவள எப்படிப் போன்னு சொல்றது?”

இரண்டே நாளில் உடம்பு கொதித்தது. தோட்டத்து மருந்து டிரசர் மாத்திரையை நீட்டினான். “சாதாரண காய்ச்சல்தான், நாளைக்குப் பாக்கலாம்.”

“சாதாரண ஆளுக்குத்தான்யா சாதாரண காய்ச்சல்! ஊசி போட்ட ஒடம்பு இது. வண்டி குடு!”

“மேனேஜர் கையெழுத்து வேணும்.”

ரோட்டின் நடுவில் போய் நின்றேன். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த இராமையாவின் லோரி என் முட்டிக்குக் கிட்டே வந்து நின்றது. அதில்தான் மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் தப்பியது. ஆனால் வெள்ளணு ஏறும்வரை அடுத்த ஊசி போட முடியாது என்று தள்ளிவைத்தார்கள். கட்டியா தள்ளிவைக்கும்? அது வளர்ந்தது. ஒருத்தியின் மரியாதைக்கு இவர் கொடுத்த விலை அது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார், “ஊசி எத்தன வேணும்னாலும் குத்தட்டும். மனுஷ மூஞ்சி பாக்காம இருக்க முடியாது புள்ள.”

பலகைச் சன்னலைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கண்ணாடி போட்டேன். பார்க்கிறவன் வெளியே நின்று பார்க்கட்டும். இவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கதை சொன்னார். நாகரத்தினமும் வந்தாள். “என்னடி, மிருகக்காட்சி சாலையாட்டம் வச்சிருக்க?”

“ஆமா, கொரங்கு வெளியதான் நிக்குது!” என்று உள்ளேயிருந்து கத்திச் சிரித்தார் நாகப்பன்.

மறு வருஷம் தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். ஈரல் கொண்டுபோனது. எவளுடைய தும்மலும் கொண்டுபோகவில்லை, நான் விடவில்லை. எழவு வீட்டிலேயே நாகரத்தினம் ஆரம்பித்தாள், “மனுஷனப் பூட்டி வச்சே கொன்னுட்டா.” அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சன்னல் முன்னால் நிறுத்தினேன். இவர் முகம் பார்க்க வந்தவர்களின் மூக்கும் நெற்றியும் பட்ட அழுக்கு வெளிப்பக்கம் முழுக்க அப்படியே இருந்தது.

“பூட்டுனவ கண்ணாடியா வாங்கி மாட்டுவா?” என்றேன். “பிரிஞ்சாங் கடையில பதினெட்டு வெள்ளி குடுத்தேன்.”