மேலே வந்த மைத்துனன்

தூத்துக்குடி பீச் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனி பெயிண்ட், படகுக்குப் பூசும் கீல், மணிலாக் கயிறு, மில்களுக்கு வேண்டிய தோல் பெல்ட் எல்லாம் விற்றது. உலகச் சண்டைக் காலம் முழுக்க அங்கே விற்பனையைப் பார்த்தவர் நாசரேத்து வேதமணி. சரக்குக்குப் பஞ்சமான காலம். மில்காரர்களும் உப்பளக்காரர்களும் அவர் மேசை முன்னால் வந்து நின்றார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தாலே சந்தோஷப்பட்டார்கள்.

சண்டை முடிந்து சரக்கு வரத் தொடங்கியதும், போட்டிக் கம்பெனிகளும் வந்தன. மேசை முன்னால் ஆள் இல்லை. இனி நாம்தான் தேடிப் போக வேண்டும் என்று முடிவுசெய்த கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை, வியாபார அபிவிருத்தி மேனேஜர் என்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கினார். அது தனக்குத்தான் என்று வேதமணி ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார்.

பதவி அருமைநாயகத்துக்குப் போனது.

அருமைநாயகம் வேறு யாருமல்ல, வேதமணியின் மனைவி கிருபாபாயின் சித்தப்பா மகன். பட்டாளத்தில் சரக்கு சப்ளை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே வேதமணிதான்.

அவன் ஆபீசில் தங்கவே மாட்டான். ஒரு நாள் வேம்பார் உப்பளம், மறுநாள் தருவைகுளத்தில் வள்ளக்காரர்கள். போன இடத்தில் சரக்கைப் பற்றிப் பேசாமல் அவர்கள் கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். திரும்பி வரும்போது ஆர்டர் இருக்கும். "அத்தான், எல்லாம் நீங்க பழக்கி வச்ச ஆளுகதான்" என்பான். அந்தப் பணிவைப் பார்த்துத்தான் வேதமணிக்கு வயிறு எரிந்தது. வீட்டில் கிருபாபாய், "தம்பியைத் துரை மெச்சுதாராமே" என்றால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார்.

பருத்தி சீசனில் ஒரு மத்தியானம், விளாத்திகுளம் அரவை மில்லின் லாரி டிரைவர் ஆபீசில் இருந்த வேதமணியிடம் வந்தான். மில் முதலாளி சிவனணைந்தபெருமாள் சொல்லியனுப்பியிருந்தார்.

"நாயகம் சார்ட்ட சொல்லிருங்க அண்ணாச்சி. பெரிய பெல்ட் அறுந்துபோச்சு. நாளைக்கே வேணுமாம். மில் முத்தமெல்லாம் பருத்தி குமிஞ்சு கெடக்கு."

சாயங்காலம் வேம்பாரிலிருந்து திரும்பிய அருமைநாயகம் கேட்டான்: "யாரும் வந்தாவளா அத்தான்?"

"ஒருத்தரும் வரலை."

சொல்லிவிட்டு வேதமணி மேசையிலிருந்த கணக்கு நோட்டைப் புரட்டினார். சொன்னதைத் திருத்தவில்லை. மறுநாளும் திருத்தவில்லை. அன்று ராத்திரி கோடை மழை கொட்டியது.

அடுத்த நாள் காலையில் சிவனணைந்தபெருமாள் நேரே துரையின் அறைக்குள் போனார். எல்லாரையும் கூப்பிட்டார்கள்.

"பருத்தி அம்புட்டும் நனைஞ்சு போச்சு. ஆள் விட்டுச் சொன்னேனே, எங்கவே பெல்ட்?"

துரை அருமைநாயகத்தைப் பார்த்தார். அவன் வேதமணியைப் பார்த்தான். ஒரு நொடிதான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அத்தான் சொன்னாவ. நான்தான் மறந்துட்டேன் அண்ணாச்சி."

அவனைத் துரை கடுமையாகத் திட்டினார். ஆசைப்பட்டது நடந்தும் வேதமணிக்கு அது இனிக்கவில்லை. பழியைக்கூட இவன் அழகாக ஏற்றுக்கொள்கிறானே, தனக்கு இப்படி ஒன்று வராதே என்று அதிலும் பொறாமைதான் மூண்டது. அவனிடம் கடன்பட்டு வாழ்வதைத் தாங்க முடியாமல், வாசலில் காரில் ஏறப்போன சிவனணைந்தபெருமாளிடம் ஓடினார்.

"அவன் மறக்கல அண்ணாச்சி. நான்தான் சொல்லலை."

பெரியவர் திறந்த கார்க் கதவைச் சாத்தினார். "சரி. பெல்ட்டை லாரில ஏத்தும். நீரும் கூட வாரும். வந்து என் பருத்தியைப் பாரும்."

மில் முற்றத்தில் நனைந்த பருத்தி புழுங்கி நாறியது. வேதமணி கோட்டைக் கழற்றிவிட்டு, ஆட்களோடு சேர்ந்து அதைக் களத்தில் பரப்பிக் காயவைத்தார். மில் ஓடத் தொடங்கியபின்தான் பஸ் ஏறினார். அதன்பிறகு அந்த மில்லுக்கு அவரே போய்வந்தார். முதலாளியும் வேண்டாமென்று சொல்லவில்லை; துரையிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. கரிசல் பக்கத்து மில்கள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. அந்தப் பெல்ட் விஷயத்தை அருமைநாயகம் ஒருபோதும் எடுத்ததில்லை. வேதமணியும் அவனுக்கு நன்றி சொன்னதில்லை.

சுதந்திரம் வந்து இரண்டொரு வருஷத்தில் அருமைநாயகத்தைச் சென்னைக்கு மாற்றினார்கள். அவன் இடம் வேதமணிக்கே கிடைத்தது. கிருபாபாய் பாயசம் வைத்தாள்.

இரண்டு வாய் குடித்துவிட்டு வேதமணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏளா, மெட்ராஸ்ல அவனுக்குக் காரு குடுத்திருக்காவளாமே, நெசமா?"