ட்ரோனும் கண்ணாடியும் புஷ்பா ஆன்டியும்

ட்ரோன் பறக்க விடுகிறவனிடம் ஊர் கேட்பது இரண்டே கேள்விதான்: என்ன விலை, விழுந்தால் என்ன ஆகும். வீட்டோடு முடங்கிப்போனவர்களுக்காகப் பறக்க விடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், மூன்றாவதாக ஒன்று வரும்: "அதுக்கு டிவி பாத்தா போதாதா?" இந்தக் கேள்விக்கு முன்னால் திருதிருவென்று முழித்த என் சகபாடிகளே, உங்களுக்குத்தான் என் அருமை தெரியும். ட்ரோனையோ கேமராவையோ நான் வெளியே அனுப்புவேன். படுக்கையில் இருப்பவர் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையைத் திருப்புகிற பக்கமெல்லாம் பார்ப்பார். பெர்மிட் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும், அது தனிக் கதை.

நாலாவது மாடி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய ஃப்ளாட். லிஃப்ட் ரிப்பேர். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த செல்லையா அங்கிளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. "எங்க போலாம் அங்கிள்? இரட்டைக் கோபுரம்?" என்று பெருமையாகக் கேட்டேன். "அத நான் ஆயிரம் தடவ சுத்தியாச்சு. கீழ என் காடி இருக்கான்னு பாரு" என்றார்.

மரத்தடியில் கார் இருந்தது. மேலெல்லாம் சருகு, டயர்களில் காற்றே இல்லை. பானெட் மேல் ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்தது. அங்கிள் தலையை மெல்லத் திருப்பித் திருப்பிக் காரைச் சுற்றிலும் பார்த்தார். என் போனில் பார்த்துக்கொண்டிருந்த அவர் மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் அவரே சொன்னார்: "பரவால்ல, அதுங்களாச்சும் உக்காரட்டும் லா."

தீபாராதனை

கிள்ளானில் இருக்கிற புஷ்பா ஆன்டிக்குச் சர்க்கரை நோயில் இரண்டு காலையும் எடுத்துவிட்டார்கள். புருஷன் ராஜேந்திரன் அங்கிள் பழைய லோரி டிரைவர். ஆன்டியைக் குளிக்கத் தூக்கிப் போவதும் அவர்தான், தலை பின்னிவிடுவதும் அவர்தான், பின்னல் கோணல் என்று திட்டு வாங்குவதும் அவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பூஜையை நேரலையில் காட்டினேன். குருக்கள் கற்பூரத் தட்டை நீட்டியதும் ஆன்டி இரண்டு கையையும் நீட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய், கண்ணாடியில் 'ணங்' என்று இடித்துக்கொண்டார். அதோடு விட்டாரா? விபூதியைக் குழைத்து என் கண்ணாடியின் நெற்றியிலேயே பட்டை போட்டார். ஐயோ, அதில் சென்சார் இருக்கிறதே என்று நான் பதறினேன். அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார்: "விடு தம்பி, கல்யாணம் ஆன நாள்லேருந்து என் நெத்திக்கும் இதே கதிதான்."

மீன் பாசார்

வீட்டுக்கு வாங்கி வரும் மீன் எதுவும் சரியில்லை என்று ஆன்டிக்குத் தீராத மனக்குறை. சரி, நீயே பார்த்து வாங்கு என்று அங்கிள் என் கேமராவை ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு பாசாருக்குப் போனார். நானும் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வீட்டில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த ஆன்டியின் குரல் ஸ்பீக்கரில் பாசார் முழுக்கக் கேட்டது. "செவுளத் தூக்குங்க. இது முந்தாநாள் மீனு. அடுத்த கடைக்கு நடங்க." மனுஷன் சொன்ன பக்கமெல்லாம் நடந்தார். மீன்காரச் சீனர் தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னார்: "அண்ணே, வீட்டு அம்மா ரொம்ப கோவம் லா!"

முனை

அந்த ராஜேந்திரன் அங்கிள் போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆன்டி போனில் அழவில்லை. "தம்பி, கடைசி வரைக்கும் அவர நான் பாக்கணும். ஏற்பாடு பண்ணு" என்றார். சுடுகாட்டில் கேமரா வைக்க அவர்கள் மகன் அனுமதி வாங்கிவிட்டார். ஆனால் அங்கிளின் அண்ணன் வாசலில் என்னை மறித்தார். நம் பெண்கள் சாலை முனை வரைக்கும் போய்த் திரும்பிவிடுவதுதானே வழக்கம்? "பொம்பள சுடுகாடு பாக்கறதாவது! கண்ணாடி போட்டா மட்டும் சரியாயிடுமா?" என்றார். நான் ட்ரோன் பெட்டியை மூடப் போனேன். உள்ளேயிருந்து ஆன்டி குரல் கொடுத்தார். "பெரிய மாமா, நான் எங்க வரேன்? எனக்கு அந்த முனைகூட கிடையாது. நான் வீட்டுலதானே உக்காந்திருக்கேன்." பெரியவர் வழிவிட்டார்.

சவ வண்டிக்கு மேலே ட்ரோன் போனது. தகன மேடையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். "மால சரியுது தம்பி, எடுத்து வைக்கச் சொல்லு" என்று ஆன்டி போனில் சொன்னார். மகன் சரிசெய்தார். மகன் குடம் உடைத்தபோது போனில் ஆன்டி வாய்விட்டு அழுதார், இங்கே நானும் அழுதேன்.

சாயங்காலம் கண்ணாடியை எடுக்கப் போனால், அது ஆன்டியிடம் இல்லை. அங்கிளின் தங்கை மல்லிகா அக்கா மாட்டிக்கொண்டு பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுகிய ஈரத் தலையோடு மற்ற பெண்கள் சுவரோரம் வரிசையாகக் காத்திருந்தார்கள். புத்தி கெட்டுப்போய், "உங்களுக்கு எதுக்குக்கா? உங்களுக்குத்தான் கால் நல்லா இருக்கே" என்று கேட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றாமலே அவர் சொன்னார்: "இருந்து என்ன தம்பி? எங்கண்ணனோட அது முனை வரைக்கும்தானே போச்சு."

நடமாட முடியாதவர்களுக்கு மட்டும் என்று கார்டு அச்சடித்து வைத்திருக்கிற நான், அன்றைக்கு அந்தச் சுவரோரம் யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்று தெரியாமல், கார்டுகளைக் கட்டோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.