பட்டுப்போன டெய்சி

அமெரிக்காவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் தானாக முளைக்கும் ஒருவகை டெய்சியைப் போன கிழமை ஒரு நர்சரியில் கண்டேன். பனிக்காலத்தில் இது செத்ததுபோல் கிடக்கும், வேர் உயிரோடுதான் இருக்கும், தயவுசெய்து எறியாதீர்கள் என்று தொட்டியில் செருகிய அட்டை கெஞ்சியது. எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்த புத்திமதி.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, எங்களோடு இருந்தா. சித்தப்பா ஏஜென்சிக்காரனை நம்பி அமெரிக்கா போய், அந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் வேலை செய்தார். அந்தப் பூவின் விதையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பிறகு போன் வரவில்லை. பள்ளத்தில் விழுந்த காரில் அவர் இருந்தார் என்றும், இல்லை என்றும் இரண்டு கதை வந்தன. அம்மா முதலாவதை நம்பினா. ஆத்துமாவுக்குப் பூசை வைக்கச் சின்னம்மா விடவில்லை.

சின்னம்மா தொட்டியில் போட்ட அந்த விதை கோடையில் வெள்ளையாகப் பூத்தது. "மாதாவுக்குக்கூட ஒண்டு பிடுங்க விடுறாளில்லை" என்று அம்மா புறுபுறுத்தா.

மார்கழியில் சாம்பல் நிறக் குச்சிதான் மிச்சம். பட்ட செடி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று பைபிளில் எங்கும் இல்லை. அம்மாவின் வேதத்தில் இருந்தது. சின்னம்மா ஷிப்டுக்குப் போன ஒரு காலை அதை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அதே தொட்டியில் கடைச் செவ்வந்தி ஒன்றை நட்டா. எனக்கும் அதுதான் வடிவாகத் தெரிந்தது. என் ரசனை அன்றுமுதல் அப்படியேதான்.

பின்னேரம் சின்னம்மா கோட்டைக் கழற்றாமல் குசினியில் நின்றா.

"எங்கயக்கா அது?"

"அது செத்துப்போச்சு பிள்ளை. இன்னும் எவ்வளவு காலத்துக்கு வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பாய்?"

"குப்பை லொறி வந்திட்டுதோ?"

"ஓம்."

சின்னம்மா செவ்வந்தியின் ஒரு இலையைத் தடவினா. "நல்ல பூ" என்றா. பிறகு, "ஃபாதரிட்டச் சொல்லுங்கோ அக்கா. அவருக்குப் பூசையை வைப்பம்."

அம்மா ஓவென்று அழுதா. சின்னம்மா அழவில்லை. பூசை என்றால் பிறகு கோயில் ஹோலில் சாப்பிட ரோல்ஸும் பற்றிஸும் இருக்கும். நான் சந்தோஷத்தில் எந்த ஞாயிறு என்று கேட்டுக்கொண்டு நின்றேன். சித்தப்பா அந்தப் பின்னேரம் எங்கள் குசினியில்தான் செத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.