முழந்தாளில் வந்த டேனிஷ்காரர்

டென்மார்க்கில் அம்மாவுக்கு ஒரு மாதாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இக்காஸ்ட் என்ற சிறு நகரத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோடை விடுமுறைக்கு முன்னர் பள்ளிக்கூடத்தில் எங்களை ஒரு பழைய கிராமத்துத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு காலத்தில் நோயாளிகள் அங்கே யாத்திரையாக நடந்து வருவார்களாம். பிறகு நாடே கத்தோலிக்கத்தை விட்டுச் சமயம் மாறியபோது சுவர்ச் சித்திரங்களின் மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்களாம். பின்னாளில் யாரோ சுரண்டிப் பார்க்க, பீடத்தருகே மங்கலாக ஒரு மாதா வெளிப்பட்டிருந்தார். பெரிய ஆராய்ச்சிக்காரி போல வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன்.

சோதனை எழுதுவதற்காக யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்ட அண்ணாவை அந்த வைகாசியில் ஆமி பிடித்திருந்தது. எந்த முகாம் என்றுகூடத் தெரியவில்லை. ஆவணித் திருவிழா நாளில் ஊரில் மடு மாதா கோவில் வாசலிலிருந்து பீடம்வரை முழந்தாளில் வருவதாக அம்மா நேர்ந்திருந்தார். மடுவுக்குப் போக வழியேது?

"எந்தச் சுவரில இருந்தாலும் மாதா மாதாதானே," என்றார்.

திருவிழா நாளான ஓகஸ்ட் பதினைந்தாம் தேதி அப்பா வேலைக்குப் போனபின் இரண்டு மணி நேரம் நடந்தோம். உள்ளே, தேவாலயத்தைப் பராமரிக்கும் கிழவர் மட்டும் மெழுகுதிரித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் செங்கல் தரையில் முழந்தாளிட்டு நகரத் தொடங்கினார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. கிழவர் என்னிடம் வந்து, அம்மாவுக்குச் சுகமில்லையா, எதையாவது தேடுகிறாரா என்று மெதுவாகக் கேட்டார்.

தோடு விழுந்துவிட்டது என்று டேனிஷில் சொன்னேன்.

அவர் துணியை வைத்துவிட்டு, உட்காரும் வாங்கைப் பிடித்து முனகியபடி முழந்தாளிட்டார். தரையைத் தடவிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்தார். பாதியில் நின்று அம்மாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அம்மா அழுதுகொண்டிருந்தார். அவர் தலையைக் குனிந்து மறுபடி நகர்ந்தார். இருவரும் பீடம்வரை போனார்கள்.

திரும்பும் வழியில் அம்மா, "கண்டனியே பிள்ளை? ஆரெண்டு தெரியாத மனுசன், என்ர பிள்ளைக்காக முழந்தாளில வந்தவர். இனி அண்ணா வருவான்," என்றார்.

அண்ணா வரவில்லை. மார்கழியில் கடிதம்தான் வந்தது. மாதாவின் முன்னால் நான் சொன்ன பொய்தான் அவனைக் கொன்றுவிட்டது என்று நம்பினேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லப் பயம். அம்மாவோ மாதாவை ஒருநாளும் நொந்துகொள்ளவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "இந்த நாட்டிலையும் என்ர பிள்ளைக்காக ஒருத்தர் முழந்தாளிட்டவர்," என்று சொல்லி அழுவார். அந்தக் கதை தொடங்கினால் நான் குசினிக்குள் போய்விடுவேன்.

போன வருடம் அம்மா இறந்தார். பெட்டியை மூடுவதற்கு முன் தோடுகளை நான்தான் கழற்றினேன். திருகாணி இறுகிப்போய் வெகுநேரம் எடுத்தது. கலியாணத்தன்று போட்டதை அம்மா ஒருநாளும் கழற்றியதில்லை. அன்று தேவாலயத்தில் முக்காடு சரிந்திருந்த அம்மாவின் இரண்டு காதுகளிலும் அவை இருந்தன. பத்து வயதில் எனக்கு அது உறைக்கவே இல்லை. கிழவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். பார்த்த பிறகும் பீடம்வரை வந்தார்.