பேச்சியம்மாளின் கட்டியும் தாசில்தார் கையெழுத்தும்

வேன் ஊருக்குள் நுழைந்ததும் ஜனங்கள் ஓடி வந்தால் அது சினிமா விளம்பர வேன். ஓடிப் போனால் அது எங்கள் வேன். மார்புப் புற்றுநோயை இலவசமாகச் சோதிக்கும் முகாமுக்கு வண்டி ஓட்டி, மைக்கும் பிடித்தவன் நான். ஆஸ்பத்திரி வாசனைக்கும் ஆபீஸ் வரிசைக்கும் பயந்து வாழ்ந்த சக பாவிகளே, கேளுங்கள். இதில் பாதிக்கு மேல் சத்தியம்.

தென்னை உச்சியிலிருந்து ஒரு மனு

எமர்ஜென்சி முடிந்த புதிது. கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்த வண்டிகளை ஜனம் மறக்கவில்லை. பரவைக்கு மேற்கே ஒரு ஊரில் நான் ஹாரன் அடித்ததும் ஆம்பளைகள் பூராவும் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். கால் ஒடிந்து படுத்திருந்த ஒருத்தன் கட்டிலையும் தூக்கிக்கொண்டு ஓடினான். ஒருவர் மட்டும் தென்னை மரத்தில் ஏறிவிட்டார்.

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் டாக்டரம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூடத்துக்குள் சேலையால் மறைப்புக் கட்டி வேலையைத் தொடங்கிவிட்டார். இது பொம்பளைகளுக்கு மட்டும்தான் என்று நான் மரத்தடியில் அரை மணி நேரம் மன்றாடினேன். உச்சியிலிருந்து பதில் வந்தது: "அண்ணே, அதைக் காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, எறங்கி வாரேன்!"

எது பொய்?

மரத்தில் இருந்தவர் சோணைமுத்து. மறைப்புக்குள் போன அவர் மனைவி பேச்சியம்மாளின் இடது மார்பில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. "வலிக்கலையே தாயி" என்றாள். "அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும்.

டவுனில் ஒரு டாக்டர் இதையே முன்னால் சொல்லியிருந்தாராம். செலவைக் கேட்டதும் அவள் வந்த பஸ்சிலேயே திரும்பிவிட்டாள். எங்கள் ஆஸ்பத்திரியில் காசே கிடையாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவுக ஒரு ஆட்டுக்குட்டி வெலை கேட்டாக, நீங்க சும்மாங்கிறீக. ரெண்டுல எது பொய்யி?"

எட்டு ஏக்கர் சீமான்

சும்மாதான். ஆனால் குடும்பம் ஏழை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். அங்கேதான் வண்டி சகதியில் இறங்கியது. சோணைமுத்துவின் மகளுக்குச் செக்கானூரணிப் பக்கம் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். இருந்தது ஒன்றரை ஏக்கர். மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்தது எட்டு ஏக்கரும் பம்புசெட்டும். ஏழை என்று சர்க்கார் முத்திரை விழுந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமாம்.

இரண்டு மாதம் இழுத்தார். சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது. நான் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார். "எம் பொண்டாட்டிக்கு என்ன வேணாலும் செய்யிறேண்ணே, ஏழைன்னு மட்டும் எழுதிராதீக!"

தலையில் துண்டு

கடைசியில் பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டாள். சோறு கிடையாது. மூன்றாம் நாள் சோணைமுத்து என் வேனில் ஏறினார். பஸ்சில் போனால் யாராவது பார்த்துவிடுவார்களாம். தாசில்தார் ஆபீஸ் வாசலில் மோதிரத்தைக் கழற்றி மடியில் செருகி, தலையில் துண்டைப் போட்டு வரிசையில் நின்றார்.

அவருக்கு முன்னால் நின்றவர் தலையிலும் ஒரு துண்டு. வெயிலாக்கும் என்று நினைத்தேன். "யாருக்கு வைத்தியம்?" என்று கிளார்க் அதட்டினார். "எனக்குத்தான் சார், குடலிறக்கம்" என்று துண்டை எடுத்தார் அந்த ஆள். மாப்பிள்ளையின் அப்பா! சோணைமுத்து ஓடப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு சீமான்களும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் சமாளித்தார். "சம்மந்தி, நீங்க என்னைப் பாக்கலை, நான் உங்களைப் பாக்கலை. பேனா இருந்தாக் குடுங்க."

பரிசத்துக்கு முதல் நாள்

சதையைச் சோதித்ததில் புற்றுதான் என்று வந்தது. பரவுவதற்குள் உடனே ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. மறுநாள் வெள்ளிக்கிழமை மகளுக்குப் பரிசம். வெற்றிலை பாக்கு வாங்கியாகிவிட்டது. ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளலாமா என்று கேட்டார் சோணைமுத்து.

பேச்சியம்மாள் துணிப்பையை என் சீட்டில் வைத்தாள். மாற்றுச் சேலை, ஒரு டம்ளர், தாசில்தார் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள். "பரிசம் போட பொண்ணும் வெத்தலையும் இருந்தாப் போதும், நான் எதுக்கு? ஆபரேசனுக்குத்தான் நான் வேணும். வண்டிய எடுங்கண்ணே!"

அவள் பிழைத்து வந்து மகள் கல்யாணச் சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரரை விரட்டியதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: கட்டியைக் கண்டுபிடிக்க டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிஷம் போதும், அந்த வீட்டு ஆம்பளையின் எட்டு ஏக்கரைக் கடந்து போகத்தான் வேனும் டீசலும் மூன்று நாள் பட்டினியும் வேண்டியிருக்கிறது.